பூரி எத்தனை முறை சொறிந்தது

தப், தப், தப். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி தப், தப். கூண்டின் தகரத் தரையில் நாயின் பின்னங்கால் முட்டி இடிக்கிற சத்தம். நாய் கண்ணுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அது எத்தனை தடவை சொறிகிறது என்று காதால் எண்ணி நோட்டில் கோடு போடுவது என் தொழில். நாலு கோடு நிற்கும், அஞ்சாவது குறுக்கே படுக்கும். மனுஷன் முகத்தைப் பார்த்துவிட்டால் நாய் சொறிவதை மறந்து வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும், அதற்காகத்தான் திரை. கேமராவும் வைத்துப் பார்த்தார்கள். இருட்டில் அதற்கு நாய் ஒரு சாம்பல் மூட்டையாகத் தெரிந்தது. என் காதே பரவாயில்லை என்று முடிவானது.

இப்படி ஒரு உத்தியோகம் உண்டா என்று கேட்பீர்கள். எனக்கே கொஞ்ச வருஷம் முன்னால் தெரியாது. திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் ராத்திரி மேனேஜராக இருந்தேன். லாட்ஜை இடித்தார்கள். பகலில் தூங்கிப் பழகின உடம்பு மட்டும் மிச்சம்; அந்தத் தூக்கமும் சரியாக வராது. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த நாய் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டிக்குச் சேர்ந்தேன். படிப்பு பத்தாவது பெயில். டாக்டரம்மா படித்துவிட்டு ஓரமாகப் போடுகிற ஆராய்ச்சித் தாள்களை டிக்‌ஷனரியும் கையுமாகப் படிப்பேன். அதைப் பார்த்துத்தான் ஒருநாள் இந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். ராத்திரி வேலை பார்க்கிறவர்களும், வீட்டில் அரிப்பெடுத்த நாய் வைத்திருக்கிறவர்களும் ஒரே கட்சி. விடிய விடிய முழித்திருந்து, ஏன் முழித்திருக்கிறோம் என்று புரியாமல் எழுந்து பல் தேய்க்கிறவர்கள். நீங்களும் அந்தக் கட்சியாக இருந்தால் மேலே படியுங்கள்.

மருந்தா, தண்ணியா?

சில நாய்களுக்குத் தூசி, புல், பூவின் மகரந்தம் என்று எது பட்டாலும் தோல் சிவந்து அரிக்கும். காது, கக்கம், விரல் இடுக்கு எல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணாகும். ஆயுசுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, ஆரோக்கியமான ஒரு நாயின் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்த்து, ஊசியில் போட்டால் அந்தத் தோலின் கோபம் தணியுமா என்று சென்னையில் ஒரு குழு ஆராய்ச்சி செய்தது. குருத்தணு என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுதான். எங்கள் டாக்டரம்மாவும் அதில் சேர்ந்தார். பாதி நாய்களுக்கு நிஜ செல். பாதி நாய்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர். குப்பியின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். எந்த நம்பரில் எது என்ற ரகசியம் சென்னையில் ஒட்டி மூடிய கவருக்குள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் டிபன் கடை வைத்திருக்கிற கமலா, ஆவணி மாதம் தன் நாயைக் கூட்டி வந்தாள். நாயின் பெயர் பூரி. குட்டியாக இருந்தபோது அப்படி உப்பலாக இருந்ததாம். இப்போது கழுத்தில் பாதி முடி இல்லை. கடை வாசலில் உட்கார்ந்து அது சொறிய ஆரம்பித்தால், தட்டில் கை வைத்த ஆள் எழுந்து போகிறான். கமலாவின் புருஷன் சேகர் கெடு வைத்துவிட்டான். கார்த்திகை தீபத்துக்குள் குணமாக வேண்டும். இல்லையென்றால் கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றப் போகிற வேனில் போட்டு, எங்காவது கொல்லி வரப்போரம் இறக்கிவிட்டு வந்துவிடுவான். தீபத்தில்தான் அந்தக் கடைக்கு ஒரு வருஷத்து வியாபாரம். அவன் பக்கமும் தப்புச் சொல்ல முடியாது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கினார். மூன்று மாதத்துக்கு இந்த ஊசி மட்டும்தான். பதினைந்து நாளைக்கு ஒரு ராத்திரி நாய் இங்கே தங்க வேண்டும். நடுவில் அரிப்பு மாத்திரை கூடாது, களிம்பு கூடாது, வேறு எந்த மருந்தும் கூடாது. கொடுத்தால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். கமலா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "ஏம்மா, உள்ள போறது மருந்தா தண்ணியான்னு ஊசி போடற உங்களுக்கும் தெரியாது, போட்டுக்கற நாய்க்கும் தெரியாது. அப்ப யாருக்குதாம்மா தெரியும்?"

பத்துக்குப் பத்து

என் கோடு மட்டும் போதாது. நாய் வளர்க்கிறவர்களும் வாராவாரம் ஒரு தாளில் மார்க் போட வேண்டும். சுத்தமாகச் சொறியவில்லை என்றால் பூஜ்யம். விடாமல் சொறிந்தால் பத்து. ஆட்டோ ஓட்டுகிற செல்வம் தன் லேப்ரடாருக்கு ஊசிக்கு முன்னாலும் பத்து போட்டார், ஊசிக்குப் பின்னாலும் பத்து போட்டார். நாயோ பளபளவென்று இருக்கிறது. புண் ஆறிவிட்டது. டாக்டரம்மா தாளைப் பார்ப்பார், நாயைப் பார்ப்பார், மறுபடி தாளைப் பார்ப்பார்.

ஐந்தாவது வாரம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பத்து என்றால் ரொம்ப மோசம் என்று அர்த்தம், தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் என்ன, முதல் நாளே நீங்கள் சொன்னீர்களே என்றார் செல்வம். பிறகு ஏன் பத்து? அவர் காக்கிச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "நான் படிச்ச காலத்துல ஒரு பரிட்சையிலயும் பத்தத் தாண்டுனது இல்ல மேடம். கையில பேனாவக் குடுத்து நீயே மார்க் போடுன்னா, பெத்த புள்ள மாதிரி வளக்கறதுக்குக் கம்மியா போட மனசு வரலீங்க."

பிரதோஷம்

பே கோபுரத் தெருவில் சுத்த சைவக் குடும்பம் ஒன்று. அவர்கள் வீட்டுப் பொமரேனியன் சுப்புவும் தயிர் சாதம்தான். அந்த அம்மாவுக்கு ஊசியில் சந்தேகம். செல் எடுக்கக் கொழுப்பு கொடுத்த நாய் சைவமா அசைவமா என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். படித்தவன் சும்மா இருப்பானா? கொழுப்பு கொடுத்த நாயைப் பற்றித் தெரியாதும்மா, ஆனால் லேபில் இந்தச் செல்லை வளர்க்கிற திரவத்தில் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சத்து சேர்ப்பார்கள் என்று படித்ததை ஒப்பித்துவிட்டேன். மேஜைக்கு அடியில் டாக்டரம்மாவின் செருப்பு என் காலை மிதித்தது. ஆனால் வாயால் அவர் மறுக்கவில்லை. ஆமாம் என்றார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். சுப்பு அவர் மடியில் படுத்துக்கொண்டே காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதன் காதையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். "வாய்வழியாப் போனாத்தானே தோஷம்? ஊசிதானே, போடுங்கோ. ஆனா இன்னிக்குப் பிரதோஷம், நாளைக்குக் காலம்பர அழைச்சிண்டு வரேன்."

பாதி மலை

ஊசி மருந்து சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். வந்த ஒரு நாளைக்குள் போட்டாக வேண்டும். ஒருமுறை, பூரியின் குப்பியோடு, அது பௌர்ணமியன்று வந்து தொலைத்தது. பௌர்ணமிக்கு இந்த ஊரில் பஸ்ஸெல்லாம் வெளியே தற்காலிக நிலையத்தோடு நின்றுவிடும், தெரியும்தானே. பைக்கும் போகாது. சாயங்காலம் நான் அங்கே போய்ப் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கிரிவலம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். திரும்ப முடியாது, நிற்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பிரிகிற தெருவுக்குள் நுழையவும் விடவில்லை. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாதி மலையைச் சுற்ற வைத்துத்தான் விட்டது.

வேலூரிலிருந்து வந்த ஒரு அம்மா கூடவே நடந்தார். பெட்டியில் அன்னதானமா என்றார். நாய்க்கு அரிப்பு மருந்து என்றேன். நம்பாமல் சிரித்தார். பெட்டிக்குள் நிஜ செல்லும் இருக்கிறது, உப்புத் தண்ணீரும் இருக்கிறது, எது எதுவென்று எனக்கே தெரியாது என்று அலுப்பில் உளறினேன். அவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணாமலையச் சுத்தி வந்துட்ச்சு இல்ல? இனிமே தண்ணியும் கேக்கும், போ."

ஆறு கோடு

பூரிக்கு வருகிறேன். முதல் ராத்திரி, விளக்கை அணைத்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு கோடு. ஊசிக்குப் பிறகு வந்தபோது முப்பத்தெட்டு. அடுத்த தடவையும் கிட்டத்தட்ட அதே. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் மறுபடி கொண்டுவந்து விட்டபோது, கமலா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். சேகர்தான் வண்டியிலிருந்தபடியே சொன்னான், வேன்காரனிடம் நாள் சொல்லிவிட்டேன் என்று.

அன்றைக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கத்தான் திரைக்கு அந்தப் பக்கம் போனேன். பூரி கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி, கழுத்தை என் விரல்மேல் சாய்த்துவிட்டது. எனக்கு யாரும் இப்படிச் சாய்ந்து ரொம்ப நாளாயிற்று. காதுக்குப் பின்னால் மெதுவாகத் தடவினேன். அது கண்ணை மூடியது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தேன், கையை எடுக்கவில்லை. பத்து வரைக்கும் கம்பியோரம் குத்துக்காலிட்டு, ஒரு கையால் தடவிக்கொண்டு, இன்னொரு கையால் கோடு போட்டேன். ஆறு. நாய் ஆறு தடவைதான் சொறிந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் டாக்டரம்மா நோட்டைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். சென்னைக்குப் போன் போட்டார். விஷயம் தெரிந்து கமலா ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "எங்க வூட்ல சொல்லிட்டேண்ணா. வேன்காரனுக்கு அப்பவே போன் போட்டு, நாய் வரலப்பா, நீ போய்க்கினே இருன்னுட்டாரு."

வெறும் நாய்

அடுத்த முறை நான் ஒழுங்காகத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பூரி சொறியவில்லை. திரையைப் பார்த்து முனகியது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பிறகு சொறிந்தது. மறுபடி முனகல். பதினேழு கோடு. இது செல் குறைத்த பதினேழா, என் கைக்குக் காத்திருந்ததில் குறைந்த பதினேழா? எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் அந்த ஆறு என்னவென்று சொல்ல வேண்டும். சொன்னால் பூரி ஆராய்ச்சியிலிருந்து போய்விடும், அப்புறம் வேன். சொல்லாவிட்டால், இந்தக் கோடுகளை நம்பி நாளைக்கு எங்கெங்கோ இருக்கிற கமலாக்கள் தங்கள் நாய்க்கு இந்த ஊசியைப் போடுவார்கள். விடியும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தேன். காலையில் டாக்டரம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"எவ்ளோ நேரம் தடவினீங்க?"

"ஒரு மணி நேரமும், மேடம்."

"முழுசா?"

"முழுசா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த ஆறின் மேலும் பதினேழின் மேலும் மூலைக்கு மூலை கோடு இழுத்தார். ஓரத்தில் காரணம் எழுதினார். பூரி ஆராய்ச்சியில் இல்லை என்று சென்னைக்கும் சொல்லிவிட்டார். அப்போது வேன் இரைகிற சத்தம் என் காதில் நிஜமாகவே கேட்டது. தயங்கித் தயங்கி, பூரிக்கு இனிமேல் என்ன மேடம் என்றேன். அவர் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையையும், குளிப்பாட்டுகிற மருந்து பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். கோபம் குறையாமலே சொன்னார்: "ஆராய்ச்சி நாய்க்குத்தான் இதெல்லாம் குடுக்கக் கூடாது. அத நீங்க கெடுத்துட்டீங்க. இப்ப இது வெறும் நாய்தானே, வைத்தியம் பாக்கலாம்."

தழை

தீபத்தன்று நான் அடி அண்ணாமலைக்குப் போனேன். கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. பூரி பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது. கழுத்தில் பஞ்சு மாதிரி புது முடி. நான் நின்று டீ குடித்து முடிக்கிற வரைக்கும், பழக்க தோஷத்தில் மனசுக்குள் எண்ணினேன். ஒரே ஒரு தடவை. சேகர் தானே ஒரு இட்லியைப் பிய்த்து அதற்குப் போட்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போட்டான். நான் பார்த்தேன்.

கமலா வந்தவர்களிடமெல்லாம் சென்னை ஸ்டெம் செல்லின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். செல் இல்லைம்மா, டாக்டரம்மா கொடுத்த மாத்திரையாகத்தான் இருக்கும் என்றேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னைத் தோசைக்கல் பக்கம் கூப்பிட்டாள். அண்ணா, டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், ஆவணியிலிருந்தே வெள்ளிக்கிழமைதோறும் வேப்பந்தழை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் பூரியைக் குளிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். மருந்து எதுவும் கூடாது என்று எத்தனை தடவை சொன்னார்கள் என்றேன். கமலாவுக்கு என் கேள்விதான் விசித்திரமாகப் பட்டது. "மருந்துதானே கூடாதுன்னாங்க? இது தண்ணிண்ணா. அவங்களே பாதி நாய்க்குத் தண்ணிதானே போட்டாங்க?"

கவர்

தை மாதம் கவரைப் பிரித்தார்கள். செல் போட்ட நாய்களில் சிலதுக்கு அரிப்பு கம்மியாயிருந்தது, சிலதுக்கு இல்லை. தண்ணீர் போட்டதிலும் சிலதுக்குக் கம்மியாயிருந்தது. இன்னும் ஜாஸ்தி நாய்களைப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று சென்னைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பளபளவென்று இருந்த செல்வத்தின் லேப்ரடாருக்குப் போனது உப்புத் தண்ணீர். பிரதோஷம் பார்த்து வந்த சுப்புவுக்கும் அதேதான். கன்றுக்குட்டி ரத்தத்துக்காகக் கண்ணை மூடி யோசித்தது வீண்.

பட்டியலில் கடைசியாகப் பூரியின் நம்பர் இருந்தது. கணக்கில் சேராது, ஆனாலும் பெயர் இருந்தது. நிஜ செல். டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். செல், மாத்திரை, வேப்பந்தழை, பாதி மலை, என் கை எல்லாம் ஒரே நாயின் மேல். இதில் எதைப் பிடித்துக்கொள்வது? நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழுமலை, அந்த ஒரு மணி நேரம் உங்க கைய மடியில வச்சிக்கினு இருந்திருந்தா, இன்னைக்கு ஒரே ஒரு நாயப் பத்தியாவது நமக்கு ஏதோ தெரிஞ்சிருக்கும்."

ஒரு நாய்க்கு அரிப்பு நின்றதற்கு ஐந்து பேர் ஐந்து காரணம் சொல்கிற ஊரில், ஆராய்ச்சியிலேயே கஷ்டமான வேலை ஊசி போடுவதோ கவரைப் பிரிப்பதோ இல்லை, ஒன்பதிலிருந்து பத்து வரை சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

இரண்டாவது சுற்று ஆரம்பித்திருக்கிறது. புதிதாக வந்த நாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமல் திரையை இழுத்துவிட்டேன். பென்சிலைச் சீவிக்கொண்டேன். விளக்கை அணைத்தேன். தப். ஒரு கோடு.